பட்டறையில் ஆறு இரவுகள்

பயணத் தொழுகை பற்றிய பாடத்தை முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு நடத்தி வருகிறேன். ‘ஃபத்ஹுல் முஈன்’ கிதாபில் அது சில வரிகளே. நெடும்பயணம் புறப்பட்டவர் லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத்துத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 முழு நாட்கள் ஓரிடத்தில் தங்கக் கருதினால், அல்லது தம் காரியம் அதற்குள் முடியாது என்று அறிந்தால், அந்தச் சலுகை அவருக்கு இல்லை. ஆனால், இன்று முடியும், நாளை முடியும் என ஒவ்வொரு வேளையும் எதிர்பார்த்துக் காத்திருப்பவர் 18 நாட்கள் வரை சுருக்கலாம். காற்றை எதிர்நோக்கித் துறையில் நிற்கும் கப்பற் பயணியை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். பாய்மரக் கப்பல்கள் ஒழிந்த காலத்தில் இந்த மஸ்அலா யாருக்குப் பயன்படும் என்று ஒரு மாணவர் கேட்டதுண்டு. என்றாவது பயன்படும் என்று கூறி அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

2019 ஏப்ரலில் அது எனக்கே பயன்பட்டது.

என் மருமகனார் காரைக்காலைச் சேர்ந்தவர். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னரும் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாதிருந்த குடும்பங்களுள் ஒன்று அவர்களுடையது. பாரிஸ் நகருக்கு வெளியே வசிக்கும் அவர் பழைய வீட்டுவண்டி ஒன்றை வாங்கியிருந்தார். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி யாவும் அதனுள்ளேயே உண்டு. என்னையும் என் மனைவியையும் மகளையும் பேரக் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஸ்பெயின் வழியாக மொராக்கோவுக்குப் புறப்பட்டார். விசாக்கள் வாங்கிய பாடு தனிக்கதை. தெற்கே ரிஸானிக்கு அருகில் இடிபாடாகக் கிடக்கும் ஸிஜில்மாஸா நகரைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இப்னு பதூதா 1352-இல் மாலி நாட்டை நோக்கி ஒட்டகக் கூட்டத்தோடு புறப்பட்டது அங்கிருந்துதான்.

ஃபெஸ் நகரைக் கடந்து, தேவதாருக் காடுகள் சூழ்ந்த மலைகளைத் தாண்டி, மிதெல்த் என்னும் ஊரை அடைந்தோம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர், ஆப்பிளுக்குப் பேர்போனது. அதற்குத் தெற்கே 1,907 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். பெண் ஒட்டகத்தின் கணவாய் என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். அதில் ஏறும்போது ஒரு கருகல் நாற்றம் எழுந்தது. எஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை. கிளட்ச் தேய்ந்து போயிருந்தது. மூன்றரை டன் எடையும் நிறைந்த தொட்டியுமாக, லாரிகளுக்குப் பின்னால் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்தால் அதன் தகடு தீயாய்ச் சூடேறித்தான் போகும்.

சனிக்கிழமை மாலை ஓர் இழுவை லாரி எங்களை மிதெல்த்துப் பட்டறை ஒன்றுக்கு இழுத்து வந்தது. எனக்கு இப்னு பதூதாவின் நினைவே வந்தது. தன்ஜாவில் பிறந்த அந்த மனிதர் இலங்கையிலிருந்து வரும் வழியில், நம் மஃபர் கரையோரத்தில் கப்பல் சிதைந்து, இரவெல்லாம் அதன் பின்புறத்தில் ஒட்டிக் கிடந்தார். விடிந்ததும் நம் கரையோர மக்கள் படகில் வந்து அவரைக் கரை சேர்த்தார்கள். கடன் திரும்பி வருகிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கும் நிலையில் இல்லை. அவளுடைய இன்சுலின் மருந்து குளிர்பெட்டியில் இருந்தது.

கார் பழுதானால் பயணம் நிற்கும். வீட்டுவண்டி பழுதானால் வீடும் சேர்ந்து நின்றுவிடுகிறது. பட்டறைக்காரர் இதை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார். பட்டறையிலிருந்து மின்கம்பி இழுத்துக் கொடுத்தார். இவ்வகைக் குளிர்பெட்டி சாய்ந்து நின்றால் சரிவரக் குளிராது. ஆகவே சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து வண்டியைச் சமப்படுத்தினார். இரவு அவர் வீட்டிலிருந்து சூடான ஹரீரா சூப்பும் ரொட்டியும் வந்தன.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறவும் வழியில்லை. வெளிநாட்டு வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுவந்தவர் அதை உடன் கொண்டே வெளியேற வேண்டும் என்பது அந்நாட்டுச் சுங்க விதி.

ஞாயிறு காலை பட்டறைக்காரரும் மருமகனாரும் பிரெஞ்சில் நெடுநேரம் பேசினார்கள். ‘நாளை ஆகிவிடும், மாமா’ என்றார் மருமகனார். அரபு கற்பிப்பவன் நான். அரபு நாட்டில் ஒரு செய்தியைப் பிரெஞ்சு வழியாகவா அறிவது? நானே சென்று, இலக்கணம் வழுவாத அரபில், வண்டி எப்போது ஆயத்தமாகும் என்று வினவினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக ஏதோ சொன்னார். ‘சிமானா’ என்ற ஒரு சொல் மட்டும் காதில் நின்றது. கடையின் பெயரோ, ஊரின் பெயரோ என எண்ணினேன். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

திங்களும் ‘நாளை’, செவ்வாயும் ‘நாளை’. மூன்று நாளும் சுருக்கியே தொழுதோம். பட்டறை மூலையில் அட்டைப் பெட்டிகளை விரித்து நடந்த ஜமாஅத்துக்கு என்னையே இமாமாக முன்னிறுத்தினார்கள். நான் பயணி, இரண்டில் ஸலாம் கொடுப்பேன், நீங்கள் எழுந்து நிறைவு செய்யுங்கள் என்று முதலிலேயே அறிவித்தேன். அந்த ஊரில் என் அரபு எல்லாருக்கும் விளங்கியது அப்போதுதான். ஒரு மஃரிபுக்குப் பின் பட்டறைப் பையன் வந்து, ஃபாத்திஹாவில் ‘மாலிக்’ என்று ஏன் நீட்டி ஓதினீர்கள் என்று கேட்டான். அவர்கள் வர்ஷ் முறைப்படி நீட்டாமல் ஓதுபவர்கள்; நாம் ஹஃப்ஸ் முறையினர். அரைமணி நேரம் அது பற்றிப் பேசினோம்.

ஆயினும் மனம் தெளிவாயில்லை. திங்களிரவு மனைவியிடம், ‘வெளியூர்க்காரர் என்று இந்த ஆள் நம்மை ஏய்க்கிறான்’ என்று கூறிவிட்டேன். அவர் இழுத்துக் கொடுத்த மின்விளக்கின் கீழ் அமர்ந்துதான் கூறினேன்.

செவ்வாய் இஷாவுக்குப் பின், பதினெட்டு நாள் மஸ்அலாவை வீட்டாருக்கு விளக்கினேன். நாளை நாளை என்று பட்டறைக்காரர் சொல்வதால்தான் நமக்கு இந்தச் சலுகை என்றேன். மருமகனாரின் முகம் மாறியது.

‘மாமா, அவர் ஒருபோதும் நாளை என்று சொல்லவில்லை. சாமான் காஸாபிளாங்காவிலிருந்து வர வேண்டும், வியாழன் ஆகும், ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மருந்தை நினைத்து மாமி கலங்குவார்கள் என்று நான்தான் மறைத்தேன்.’

நான் கிதாபு நடத்துகிறவனாகவே பதில் சொன்னேன். நான் நம்பியதன்படி தொழுதேன். என் தொழுகை கூடும். அறிந்துகொண்டே சுருக்கிய உங்களுக்குக் கூடாது. மூன்று நாள், ஒன்பது தொழுகைகள், முழுமையாகத் திருப்பித் தொழ வேண்டும். அவர் கணக்கிட்டுப் பார்த்து, ‘ஒரு சொல்லுக்கு முப்பத்தாறு ரக்அத்தா, மாமா?’ என்றார். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘சிமானா’ என்றால் என்ன என்று கேட்டேன். வாரம் என்றார். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் அதற்கு ஒத்த சொற்கள் உண்டாம். கிதாபில் நாம் படிக்கும் ‘உஸ்பூஉ’ பட்டறையில் புழங்கவில்லை. ஆக, அவர் என்னிடமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

புறம் பேசியது உரியவர் காதை எட்டவில்லையெனில் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை, அவருக்காகத் துஆச் செய்தால் போதும் என்று கூறிய அறிஞர்கள் உண்டு. அந்தக் கருத்து எனக்கு மிக வசதியாக இருந்தது. அதனாலேயே அதைப் பற்றிக்கொள்ளத் துணியவில்லை. புதன் காலை அவரிடம் சென்று, மெல்ல மெல்ல, உள்ளதைச் சொல்லிப் பொறுத்தருளக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு ஏழு விரல்களை விரித்துக் காட்டி, ‘சிமானா’ என்றார். நானும் சொன்னேன். உச்சரிப்புச் சரியில்லை என்று பையன் திருத்தினான். அன்று அவன் எனக்கு ஆசிரியன்: ‘தாபா’ என்றால் இப்போது, ‘பஸ்ஸாஃப்’ என்றால் நிறைய, ‘ஃபூகாஷ்’ என்றால் எப்போது. இந்தக் கடைசிச் சொல் எனக்கு மூன்று நாள் முன்பே தேவைப்பட்டது.

சாமான் வியாழன் காலைப் பேருந்தில் வந்தது, அவர் சொன்னபடியே. கியர்பெட்டியைக் கீழே இறக்கி, புதிய தகட்டைப் பொருத்தி, இரவு பதினொரு மணிக்கு முடித்தார்கள். மின்சாரத்துக்கும் சூப்புக்கும் காசு வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது புறப்பட்டோம். மருமகனாரின் விடுப்பு முடிந்துகொண்டிருந்ததால் வண்டி தெற்கே திரும்பவில்லை. ஸிஜில்மாஸாவை நான் காணவில்லை.

வழியில் நின்ற இடங்களிலெல்லாம் மருமகனார் களாவை நிறைவேற்றி வந்தார். ஒன்பதாவதைத் தன்ஜாத் துறைமுகத்தில், கப்பலுக்கு நின்ற வண்டி வரிசையின் ஓரத்தில் தொழுதார். மூன்றாம் ரக்அத்தில் இருந்தபோது வரிசை நகரத் தொடங்கியது. பின்னாலிருந்த வண்டிகள் ஒலி எழுப்பின. என் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிச் சென்று, கையைக் காட்டி அவற்றை நிறுத்தி வைத்தாள்.