இதைச் சாப்பிடலாமா, உஸ்தாத்?

பறவையைக் கண்டதும் நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். மார்கழியில், தொப்பியைப் பறித்துச் செல்லும் காற்றில், பேச்சிப்பாறை அணைக்கரையில் நடந்தபோதும் ஒரு மாணவன் கேட்டான். ஓடைப் பாறையில் வாலசைத்து நின்ற சாம்பல் வாலாட்டியை அவன் கண்டிருந்தான். மஞ்சள் வயிறு, சாம்பல் முதுகு. இமயத்திலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் குளிர்காலத்தில் நம் மலையோடைகளுக்கு வரும் விருந்தாளி.

மற்றவர்கள் சிரித்தனர். சிரிக்கத்தக்க கேள்வியன்று அது. மும்பையில் சிறுவன் சாலிம் அலி சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அதை உண்பது ஆகுமா என்ற ஐயம் அவரைத் தாய்மாமனிடமும், அவர் வழியாகப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திடமும் கொண்டு சேர்த்தது. அந்தச் சிறுவரே பின்னாளில், 1933இல், திருவிதாங்கூரின் பறவைகளை ஆராய வந்தார். அன்று நம் பேச்சிப்பாறையும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே.

ஹலால், ஹராம் என்பதோடு பாடம் முடிந்துவிட்டால் பறவையின் பெயர் யாருக்கும் தெரியாமலே போகும். (1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடிக்க விடாது என்பதையும் சொன்னோம்.) சூரத்துல் முல்க்கை மனனம் செய்த பிள்ளைகள் உடனிருந்தனர். அதன் 19ஆம் வசனத்தை நினைவூட்டியதும் அண்ணாந்து பார்த்தனர். மேலே, எதிர்க்காற்றில் தகைவிலான்கள் சிறகை விரித்தும் மடக்கியும் பறந்துகொண்டிருந்தன.