பத்தாவது முறையும் அதே கதை

ஒரே படக்கதைப் புத்தகத்தைப் பத்தாவது முறையாகத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் ஏறும் பிள்ளையை, "அதைத்தான் நேற்றே படித்தாயிற்றே" என்று திருப்பி அனுப்பாதீர்கள். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து, இப்போது கோலாலம்பூர், சாலாக் செலாத்தான் அடுக்குமாடி வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் நான் முதலில் சொல்ல நினைப்பது இதுதான். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்திருப்பதால்தான் பிள்ளை அதையே கேட்கிறது. அம்மா எப்போது வேலைக்குக் கிளம்புவார், தம்பி பிறந்த பிறகு யார் பக்கத்தில் படுப்பது, எந்த வீட்டில் யாரிடம் விடப்போகிறார்கள், எல்லாமே பெரியவர்கள் முடிவு. புத்தகம் ஒன்றுதான் அதற்குத் தெரிந்தபடியே நடக்கிறது.

மார்ட்டின் வாடல் எழுதி, பேட்ரிக் பென்சன் படம் வரைந்து 1992இல் வெளிவந்த ஆந்தைக் குஞ்சுகள் கதை ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. மூன்று குஞ்சுகள் ராத்திரியில் விழித்துப் பார்த்தால் அம்மாவைக் காணோம். பக்கத்துக்குப் பக்கம் இருட்டு. மூத்தது, அம்மா எங்கே போயிருப்பாள் என்று யோசித்துத் தைரியம் சொல்லும். கடைக்குட்டிக்கு அம்மா வேண்டும், அவ்வளவுதான். வேறு பேச்சே கிடையாது. கடைசியில் அம்மா பறந்து வந்துவிடுகிறாள்.

பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் பாலர் பள்ளி வகுப்புக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மூன்று குஞ்சுகளும் அங்கே உட்கார்ந்திருக்கும். எனக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு பையன், பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. தண்ணீர்ப் போத்தல் வாரைக் கடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். வகுப்பு டீச்சர் அவனைக் கூப்பிடவில்லை. பாயில் உட்கார்ந்து இந்தப் புத்தகத்தை விரித்து, படத்தைக் காட்டித் தமிழிலேயே கதை சொல்லத் தொடங்கினார். நாலைந்து பக்கம் போனதும் அவன் மெல்ல வந்து நின்று, கடைக்குட்டி ஆந்தையின் மேல் விரலை வைத்தான். எடுக்கவில்லை. டீச்சரும் பக்கத்தைத் திருப்பாமல் காத்திருந்தார். அவன் விரலை எடுத்த பிறகுதான் கதை நகர்ந்தது. அந்தப் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எங்கள் தலைமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அம்மாவைப் பிரிவது தினமும் நடந்தது. விடியும் முன்பே அம்மா பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும். தூக்கம் கலையாத பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடுவாள். ஆயாவிடம் புத்தகம் ஏது? தொட்டிலை ஆட்டிக்கொண்டே நரிக்கதையும் யானைக்கதையும் சொன்னார். இன்று அதே பிள்ளைகளின் பேத்திகள் மருத்துவமனையிலும் விமான நிலையத்திலும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். விடியற்காலைப் பிரிவு மாறவில்லை.

இதமான புத்தகம் என்றால் பயமே இல்லாத, முயல்குட்டியும் பூவும் மட்டுமே உள்ள புத்தகம் என்று பெற்றோர் சிலர் தேடுகிறார்கள். பிள்ளைக்குள் இருக்கும் பயத்தை அது தொடுவதே இல்லை. பயத்தை வெளியே எடுத்துப் படமாக வைத்து, பெரியவர் மடியில் இருக்கும்போதே அதைப் பார்க்க விடும் புத்தகம்தான் ஆறுதல் தரும். போரின் பயத்திலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கும் புத்தகம் தேவைப்பட்டது. ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பிப் போன ஜெல்லா லெப்மன் என்ற யூதப் பெண், போர் முடிந்த 1945இல் அங்கே திரும்பி வந்தார். இடிந்த நகரங்களின் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் போலவே புத்தகமும் வேண்டும் என்று வாதாடி, பல நாடுகளிடம் கேட்டு வாங்கிய சிறுவர் நூல்களை 1946இல் மியூனிக் நகரில் கண்காட்சியாக வைத்தார். சண்டை போட மறுத்துப் பூக்களை முகர்ந்துகொண்டிருக்கும் ஃபெர்டினாண்ட் காளையின் கதையைத் தாமே ஜெர்மனில் பெயர்த்து, செய்தித்தாள் காகிதத்தில் 30,000 பிரதிகள் அச்சிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 1949இல் அங்கே அனைத்துலகச் சிறுவர் நூலகத்தையும் தொடங்கினார். பசித்த பிள்ளைகளுக்குக் காளைக்கதை எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள்.

படித்து முடித்ததும் கேள்வி கேட்கும் பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். "கதையில் எத்தனை ஆந்தை? நீதி என்ன? வாசிப்புக் குறிப்பில் எழுது." பள்ளிகளில் 1999 முதல் நடந்துவரும் நிலாம் வாசிப்புத் திட்டம் பெரிய பிள்ளைகளுக்கு நல்லதே செய்திருக்கிறது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை ஆறுதலுக்காகப் பிடித்திருக்கும் புத்தகத்தைப் பயிற்சித்தாளாக்கினால், மறுநாள் அந்தப் புத்தகம் மடிக்கு வராது.

தமிழில் படக்கதைகள் எங்கே கிடைக்கின்றன என்று இளம் தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இங்கிருந்து கொமியூட்டர் ரயிலில் செபுத்தே, மிட்வேலி தாண்டினால் கே.எல். சென்ட்ரல், இறங்கிப் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தேடினால் பயிற்சி நூல்கள் அடுக்கடுக்காக இருக்கும், படக்கதைக்கு ஒரு மூலைதான். சென்னை தூலிகா பதிப்பகம் 1996 முதல் தமிழ் உட்படப் பல மொழிகளில் இவற்றை வெளியிட்டுவருகிறது. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த கஜபதி குலபதியை என் பேத்தி கிழிந்துபோகும் அளவுக்குப் படித்தாள். அத்தனை பெரிய யானைக்கும் சளி பிடிக்கும், தும்மல் வரும் என்பதில் அவளுக்கு அப்படியொரு நிம்மதி. வாங்க முடியாதவர்களுக்கு, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளம் இருக்கிறது. தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி, அச்சிட்டு, தைத்துக்கொள்ளலாம். அதற்கு உரிமமே கொடுத்திருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்று மனம் வைத்தால் பாலர் பள்ளி வகுப்புக்கு ஒரு அலமாரி நிறையும்.

மலாய்ப் புத்தகமோ ஆங்கிலப் புத்தகமோ கையில் இருந்தாலும் கதையைத் தமிழில் சொல்லலாம். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமார் இதில் பின்வாங்க வேண்டியதில்லை. லெப்மன் முயற்சியில் 1953இல் உருவான ஐபிபிஒய் என்ற அனைத்துலகச் சிறுவர் நூல் அமைப்பு, இத்தாலியின் லாம்பெடூசா தீவுக்குப் படகில் வந்து சேரும் அகதிப் பிள்ளைகளுக்காக எழுத்தே இல்லாத படப் புத்தகங்களைச் சேர்த்துவருகிறது. மொழி தெரியாத இடத்திலும் படம் பேசும். 2020 மார்ச் 18இல் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கதவுகள் மூடியபோது, கிள்ளானில் இருந்த பேரனுக்கு நான் கைப்பேசிக் கேமராவுக்கு முன்னால் பக்கம் பக்கமாகப் பிடித்துத்தான் கதை சொன்னேன். கை வலிக்கும். அவனோ, "பாட்டி, இன்னும் கிட்டே" என்பான்.

இன்னொன்று. கதை பாதியில் இருக்கும்போதே பிள்ளை புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டால் வற்புறுத்த வேண்டாம். எந்தப் பக்கத்தில் மூடியது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா போகும் பக்கமா, விளக்கு அணையும் பக்கமா, மற்ற பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளாத பக்கமா? காலையில் பள்ளியில் விடும்போது அதை டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். பள்ளியில் மூடியது என்றால் டீச்சர் உங்களிடம் சொல்லட்டும்.