டவரா... டிபன் பாக்ஸா?

வீட்டுல உட்கார்ந்து பாட்டு கேட்க ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு இன்ச் டேப் எடுத்து ஹாலை அளந்துடுங்க மக்களே! நாலு வாரமா எங்க வீட்டுல நடந்த பஞ்சாயத்தோட தீர்ப்பு இதுதான்.

அப்பா என் வயசுல மைக் செட் கடையில வேலை பார்த்தவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழான்னு மதுரையைச் சுத்தி ஊர் ஊரா அடுத்தவங்க பெட்டியைத் தூக்கிச் சுமந்தவர். இப்போ 53 வயசு. சீட்டு எடுத்த 50 ஆயிரம் ரூபாயில அவர் ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு... இடுப்பு உயரத்துக்குத் தரையில நிக்கிற டவர் ஸ்பீக்கர்!

நான் ஈ.சி.இ. மூணாம் வருஷம். 'நம்ம ஹால் பத்துக்குப் பன்னெண்டு அடிதான்ப்பா. சின்ன மானிட்டர் போதும்'னேன். 'டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கு. அதுல என்னடா கேட்கும்?'னு ஒரே போடா போட்டார்.

டவர் ஒண்ணும் மட்டம் இல்லை. பெட்டி பெரிசுங்கிறதால அடி ஸ்தாயி வரைக்கும் இறங்கும். பெரிய ஹால்ல சத்தமா வெச்சாலும் திணறாது. சின்னப் பெட்டியை ஸ்டாண்டுல வெச்சா, அதுவும் டவர் அளவுக்குத்தான் இடத்தை அடைக்கும். அப்புறம் ஏன் சின்னது?

இங்கேதான் ஃபிஸிக்ஸ் வருது. சத்தம் விநாடிக்கு சுமார் 343 மீட்டர் ஓடும். 12 அடி, அதாவது 3.66 மீட்டர் இடைவெளியில இருக்கிற ரெண்டு சுவருக்கு நடுவுல, 47 ஹெர்ட்ஸ் அலையில சரியா பாதி பொருந்திடும். அந்த ஸ்வரம் மட்டும் அடங்காம வீங்கும். பேஸ் கிடாரோட தடிமனான கம்பியைச் சும்மா மீட்டினா 41 ஹெர்ட்ஸ். ரெண்டு கட்டம் தள்ளி அமுக்கினா 46. டவர் அந்த இடத்துல தாராளமா வாரி வழங்கும். சுவரை ஒட்டி வெச்சா இன்னும் ஜாஸ்தி. தள்ளி வைக்கலாம்னா, பீரோ ஒரு பக்கம், அம்மாவோட தையல் மிஷின் ஒரு பக்கம். கீழ் வீட்டுல ஹவுஸ் ஓனர் வேற!

1970-கள்ல பி.பி.சி. தன்னோட ஒளிபரப்பு வேன்களுக்காகவே எல்.எஸ்.3/5ஏ-ன்னு ஒரு அடி உயர மானிட்டரை உருவாக்கின கதையைச் சொன்னேன். 'வேனுக்குள்ள வெச்சுக் கேட்டாங்களா?'ன்னு மட்டும் கேட்டார்.

அப்பாவோட பழைய சிநேகிதர் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை ரெண்டு ஜோடியையும் வீட்டுக்கே அனுப்பிவெச்சார். முதல்ல டவர். அப்பா உட்காரவே இல்லை. சுவரோரமா நின்னார், மெதுவா நடந்தார், நடு ஹால்ல நின்னார். 'அங்கே கொட்டுது. இங்கே காணாமப் போகுது'ன்னார். நோட்டுல நான் போட்ட கணக்கும் அதையேதான் சொல்லுது: சுவர்கிட்ட வீங்கும், நடுவுல வடியும். நாலு செமஸ்டர் படிச்சு நான் போட்ட கணக்கை, மனுஷன் பத்து எட்டு நடந்து சொல்லிட்டார்!

அடுத்து சின்னது. பாடறவங்க குரல் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல வந்து நின்னுது. தாளமும் பேஸும் தனித்தனியா, தெளிவா கேட்டுது. அப்பா ரொம்ப நேரம் பேசலை.

'எனக்கும் தெரியும்டா. பெரிசா வாங்கிட்டா, அதுக்கு ஏத்த வீடும் பின்னாடியே வந்துடும்னு ஒரு நெனப்பு.'

அம்மா தையல் மிஷினை நிறுத்திட்டாங்க. எனக்குத் தொண்டையை அடைச்சுது. இதுக்கு எந்த ஃபார்முலாவும் கிடையாது.

சின்ன ஜோடியைத்தான் வாங்கினோம், 19 ஆயிரம். தெருமுனை வெல்டிங் பட்டறையில அப்பாவே நின்னு ஸ்டாண்டு அடிச்சார். ட்வீட்டர் நம்ம காது உயரத்துக்கு வரணும். ரெண்டு ஸ்பீக்கரும் நாமும் சேர்ந்தா சமபக்க முக்கோணம். இந்த ரெண்டும் காசு செலவில்லாத டிப்ஸ். ஹால் பெரிசா, சுவரை விட்டுத் தள்ளி வைக்க இடம் இருக்கா? தாராளமா டவர் வாங்குங்க.

போன வாரம் ஹவுஸ் ஓனர் மாடி ஏறி வந்தார். போச்சுடான்னு நினைச்சோம். 'அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுங்களேன்'னு சொல்லிட்டு, அப்பா பக்கத்துல உட்கார்ந்துட்டார்!