கோலாலம்பூர் சம்பளமா, சுங்கை பட்டாணி வீட்டுச் சோறா?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பி வைத்தவர்களும், அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களும் பொறுமையாகப் படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, அன்னதானப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, மடப்பள்ளி வாசலில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். கோயில் கணக்கு இல்லை, எங்கள் வீட்டுக் கணக்கு. நாங்கள் கணவன் மனைவி இரண்டு பேர், கூட எங்கள் மகள். மகளுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்திருக்கு. மாதம் 3,200 வெள்ளி. இங்கே கூலிமில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் 2,300 வெள்ளிக்கு வேலை தயாராக இருக்கு. இரண்டு வாரத்தில் பதில் சொல்லணும்.

"900 வெள்ளி வித்தியாசம் அம்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள். சரி, எழுதிப் பார்ப்போம் என்று அன்னதான மளிகைச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தோம்.

முதலில் கோலாலம்பூர். 3,200-ல் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 352 வெள்ளி போகும். சொக்சோவும் வேலை காப்புறுதியும் சேர்த்து 22 வெள்ளி வைத்துக்கொண்டோம். கையில் வருவது 2,826. அறை வாடகை 650, தண்ணி, மின்சாரம், இணையம் 60. சமைக்க முடியாத அறை, மூணு வேளையும் கடைச் சாப்பாடு என்றால் ஒரு நாளைக்கு 25 வெள்ளிக்குக் குறையாது. அது 750. ரயில், பஸ்ஸுக்கு மை50 அட்டை 50 வெள்ளி. ராத்திரி நேரமானால் கிராப் பிடிக்க ஒரு 80. கைப்பேசி 50. மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போக 150. பிடிபிடிஎன் படிப்புக் கடன் 150. சோப்பு, சீப்பு, மருந்து, துணிமணி 150. கூட்டினால் 2,090. மிச்சம் 736 வெள்ளி.

அடுத்தது கூலிம். 2,300-ல் பிடித்தம் போக 2,031. மோட்டார் தவணை 200, எண்ணெய் 150, மத்தியானச் சாப்பாடு 220, கைப்பேசி 50, படிப்புக் கடன் 150, கைச்செலவு 150, வீட்டுக்குக் கொடுப்பது 400. மொத்தம் 1,320. மிச்சம் 711 வெள்ளி.

மகள் சீட்டைப் பிடுங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். 900 வெள்ளி வித்தியாசம் கடைசியில் 25 வெள்ளியாக வந்து நின்றது. அதுவும் இங்கே இருந்தால் வீட்டுக்கு 400 கொடுத்த பிறகு வரும் மிச்சம். அங்கே போனால் வீட்டுக்கு ஒன்றும் இல்லை.

நாங்கள் கூட்டிக் காட்டுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஊழியர் சேமநிதி வாரியம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தோடு சேர்ந்து 'பெலாஞ்சாவான்கூ' என்று ஒரு செலவுக் கையேடு வெளியிடுது. 2022/2023 கையேட்டில், கிள்ளான் பள்ளத்தாக்கில் கார் இல்லாமல் பஸ், ரயிலில் போகும் தனி ஆளுக்கு மாதம் 1,930 வெள்ளி வேணும் என்று போட்டிருந்தார்கள். படிப்புக் கடனை எடுத்துவிட்டுப் பார்த்தால் எங்கள் கணக்கும் அதுக்குப் பக்கத்தில்தான் நிக்குது.

இன்னொன்றும் இருக்கு. அறைக்குள் நுழையும்போதே இரண்டு மாத டெபோசிட், தண்ணி மின்சாரத்துக்கு அரை மாத டெபோசிட், முதல் மாத வாடகை கட்டணும். 650 வெள்ளி அறைக்கு 2,275 வெள்ளி. முதல் சம்பளம் வருவதற்கு முன்னாடியே இதைக் கொடுக்கணும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு மகள் சும்மா இருக்கவில்லை. "அப்பா, நீங்க சேமநிதியைச் செலவுன்னு கழிச்சுட்டீங்க. அது என் காசு தானே?" என்று கேட்டாள். நியாயம்தான். முதலாளி 13 விழுக்காடு போடுகிறார், நாம் 11. சேர்த்து 24. 3,200-க்கு 768 வெள்ளி, 2,300-க்கு 552 வெள்ளி. மாதம் 216 வெள்ளி அங்கே கூடுதலாகச் சேருது. வருசத்துக்கு 2,592. அப்புறம் அவள் படித்த படிப்புக்கு மேலே போகிற வழி இங்கே குறைவு, அங்கே அதிகம். இதையும் சீட்டில் எழுதினோம்.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் போனப்ப இப்படிக் கணக்குப் பார்த்தா போனீங்க?"

இல்லை. பார்க்க நேரம் இருக்கவில்லை.

1996-ல் நாங்கள் கல்யாணமாகி ஆறு மாதம். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீடு. பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், ஆள் குறைந்தது. பிறகு தோட்டத்தையே வீடமைப்புக்கு விற்றாச்சு, லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். முப்பது வருசத்துக்கு மேலே பால் வெட்டிய அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சுவர் இல்லை. வேலையும் வீடும் ஒரே கையில் இருந்ததால் ஒன்று போனதும் இரண்டும் போயிருச்சு. அப்பாவும் அம்மாவும் சுங்கை பட்டாணியில் அத்தை வீட்டோடு ஒதுங்கினார்கள். நாங்கள் ஒரு பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாகச் செந்தூலுக்குப் போனோம்.

நம் பெரியவர்கள் இந்த ஆபத்தை முன்னாடியே கண்டவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தக் காசில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவில்தான், புக்கிட் சீடிம். அதுக்கும் முன்னே 1946, 1947-ல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பி, கள்ளுக்கடைக்கு எதிராக நின்றது. உழைத்த கூலி வீடு வந்து சேரணும் என்பதும் அந்தப் போராட்டத்தில் ஒரு நியாயம். அன்றைக்குக் கள்ளுக்கடை தின்ற கூலியை இன்றைக்கு வாடகையும் கார் தவணையும் தின்னுது.

செந்தூலில் ஒரே அறை, பொதுச் சமையற்கட்டு. பதினொரு வருசம். ஒருத்தர் குளிர்சாதன வேலை கற்றுக்கொண்டோம், ஒருத்தர் ரவிக்கை தைத்தோம். கஷ்டமென்று சொல்லிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்.

2003-ல் ஒரு ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. அப்பா போயிட்டார். கார் கிடையாது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு புடுராயாவுக்கு ஓடி, கிடைத்த பஸ்ஸில் ஏறி, விடியற்காலை சுங்கை பட்டாணியில் இறங்கினோம். அத்தை வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. அப்போதுதான் தெரிஞ்சது, அவர் மூணு வாரமாகப் படுக்கையில் இருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டோம். "அப்பாதான் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. லீவு போட்டா சம்பளத்தை வெட்டிருவாங்க, வாடகை கட்டணும், பிள்ளைங்களத் தொந்தரவு பண்ணாதேன்னாரு" என்றார் அம்மா.

மூணு வாரத்தில் ஒரு சனிக்கிழமையாவது வந்து பார்த்திருக்கலாம். அந்தச் செலவை எந்தச் சீட்டிலும் எழுத முடியாது அன்பர்களே. நாங்கள் எழுதிப் பார்த்துவிட்டோம், கூட்டல் வரவில்லை.

அதுக்காக நகரத்தைத் திட்டவும் மனசு வரவில்லை. 2007-ல் அம்மாவுக்காகத் திரும்பி வந்தபோது கையில் ரொக்கம் ஒன்றும் பெரிசாக இல்லை. ஆனால் தொழில் இருந்தது. சேமநிதியில் வீட்டுக்காக எடுக்க அனுமதித்த பணத்தை முன்பணமாகக் கட்டித்தான் இந்தத் தாமான் வீட்டை வாங்கினோம். இன்றைக்கு எங்கள் பேரில் ஒரு சுவர் இருக்கு என்றால், அது கோலாலம்பூர் கற்றுக்கொடுத்த வேலையும் அங்கே கழித்த 11 விழுக்காடும்தான். அந்த ஊரில் உழைத்ததுக்கு எங்களுக்குத் தங்கியது அது இரண்டும்தான்.

அதனால் கோயிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறோம். குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. கோலாலம்பூருக்கும் அதே 1,700தான், பீடோங்குக்கும் அதே 1,700தான். கடைச் சிப்பந்தி வேலைக்கும் பாதுகாவலர் வேலைக்கும் 1,700 வெள்ளிக்கு அங்கே போய், அறைக்கு 600 கொடுத்தால் என்ன மிஞ்சும்? கூலிம் ஹைடெக் பார்க் 1996-லிருந்து இருக்கு. பினாங்குத் தொழிற்சாலைகளுக்கு இங்கிருந்து கம்பெனி பஸ் போகுது. மோட்டார் சைக்கிளுக்கு 2019-லிருந்து பினாங்குப் பாலத்தில் டோலும் இல்லை. வெறும் சம்பளத்துக்காக மட்டும் போகிறதாக இருந்தால் முதலில் இங்கே பாருங்க. இங்கே கற்க முடியாத ஒன்றைக் கற்கவோ, இங்கே இல்லாத வேலையைச் செய்யவோ போகிறதாக இருந்தால் போங்க, அது வேற விஷயம்.

போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிஞ்சுக்கணும். நமக்கு வார விடுமுறை வெள்ளி, சனி. அவர்களுக்குச் சனி, ஞாயிறு. பிள்ளை வெள்ளி ராத்திரி இடிஎஸ் ரயிலில் ஏறினால் நாலு, நாலரை மணி நேரம், நடுராத்திரி வந்து சேரும். ஞாயிறு நாம் வேலைக்குப் போயிடுவோம். அப்பா அம்மாவும் பிள்ளையும் முழுசாகச் சேர்ந்திருக்கக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அதனால்தான் நம் அம்மன் திருவிழாவின் ரத ஊர்வலத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். சில பெரியவர்களுக்கு வருத்தம். உங்கள் வருத்தம் புரியுது. ஆனால் போன தடவை ரதம் தள்ளியவர்களில் பாதிப் பேர் ஐம்பது வயசைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வரும் நாளில் அம்மன் புறப்பட்டால்தான் ரதம் நகரும்.

எங்கள் முடிவு என்ன என்று கேட்பீங்க. மகள் போகிறாள். அவள் பார்க்கப் போகும் வேலை இங்கே இல்லை, அதுதான் காரணம், 900 வெள்ளி இல்லை. டெபோசிட் பணத்தை நாங்கள் கொடுக்கிறோம். நாலு பேச்சு பேசி வைத்திருக்கிறோம். முதல் இரண்டு வருசம் கார் வாங்கக் கூடாது. ஒன்பது வருசத் தவணையில் கையெழுத்துப் போட்டால் பிறகு வேலையை விட்டு நகர முடியாது. மிச்சத்தில் மாதம் 300 வெள்ளியைத் தொடாமல் வைக்கணும். வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து சாப்பிட்டுப் போகணும். மூணு வருசம் கழித்து இதே மடப்பள்ளி வாசலில் உட்கார்ந்து மறுபடியும் கணக்குப் பார்க்கணும்.

ஐந்தாவது ஒன்றை அவள்தான் சேர்த்தாள். "உடம்பு சரியில்லைன்னா மறைக்கக் கூடாது. நானும் மறைக்க மாட்டேன், நீங்களும் மறைக்கக் கூடாது. தாத்தா பண்ண மாதிரி பண்ணீங்கன்னா நான் மன்னிக்கவே மாட்டேன்." சரி என்று அம்மன் முன்னாடி மூணு பேரும் கற்பூரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

அன்பர்களே, இதே இடத்தில் நிற்கும் குடும்பங்கள் நம் கோயிலில் குறைந்தது ஏழெட்டு இருக்கு, எங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு வாங்க. வேலைக் கடிதத்தைக் கொண்டு வாங்க, ஒரு பேனாவும் கொண்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து எழுதிப் பார்ப்போம். போகலாம், போக வேண்டாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கூட்டிக் கழிக்க மட்டும் உதவுவோம்.

ஏற்கெனவே வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, உபயப் பணம் அனுப்ப முடியவில்லை என்று வெட்கப்பட்டு ஊருக்கு வராமல் இருக்காதீங்க. ரயில் டிக்கெட்டுக்கு மட்டும் காசு வைத்துக்கொண்டு வாங்க. சாப்பாடு நாங்கள் போடுகிறோம், ரதம் தள்ள ஆள் வேணும். இன்றைக்கு ராத்திரியே அப்பா அம்மாவுக்குப் போன் போட்டு உடம்பு எப்படி இருக்கு என்று கேளுங்க. "ஒண்ணும் இல்லப்பா" என்று சொன்னால் இன்னொரு தடவை கேளுங்க.

அம்மன் துணை.