துணிக்கைகளைச் சேர்க்கும் நகரம்



மும்பை மாநகரம் துணியினால் வளர்ந்த நகரம். 1854-ஆம் ஆண்டு காவஸ்ஜி தாவர் என்பவர் இங்கே முதல் நூற்பு நெசவாலை நிறுவனத்தைத் தொடங்கினார். அதன்பின் பரேல், லால்பாக் பகுதிகளெங்கும் ஆலைகளின் புகைபோக்கிகள் எழும்பின. 1982-ஆம் ஆண்டு தத்தா சாமந்தின் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குப் பின்பு ஆலைகள் ஒவ்வொன்றாய் அடைபட்டன. பீனிக்ஸ் ஆலை நின்ற இடத்தில் இன்று பளபளக்கும் அங்காடி வளாகம் நிற்கிறது. ஆயினும் துணி இந்த நகரத்தை விட்டுப் போய்விடவில்லை. மங்கள்தாஸ் சந்தையின் குறுகிய சந்துகளிலும், தாராவியின் மாடி அறைகளிலும் அது இன்னும் குவிந்து கிடக்கிறது.

சந்தையும் சாக்குமூட்டையும்

சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 1869-இல் கட்டி முடிக்கப்பட்ட கிராஃபோர்டு மார்க்கெட் இருக்கிறது. அதற்கு மகாத்மா ஜோதிபா புலேயின் பெயர் சூட்டப்பட்டு வெகுகாலம் ஆகியும், பழைய பெயரே ஜனங்களின் வாயில் நிலைத்திருக்கிறது. அதன் அருகில்தான் மங்கள்தாஸ் சந்தை. கூரையின் கீழே சந்துக்குள் சந்தாக, இருபுறமும் துணிக்கடைகள். பாப்ளினும் காடாத்துணியும் அச்சிட்ட பருத்தியும் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். டிசம்பர் மாதக் கூட்டங்களுக்காக வரும் ஊழியக்காரர்கூட, துணைவியார் எழுதிக் கொடுத்த சீட்டோடு இங்கே ஒருமுறை நுழைந்துதான் ஊர் திரும்புவார்.

ஆனால் நம் சகோதரிகளில் அநேகர் இந்தச் சந்தைவரை போவதில்லை. தாராவியிலேயே அவர்களுக்குத் துணி கிடைக்கிறது. சயானுக்கும் மாஹிமுக்கும் இடையில், ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல லட்சம் பேர் வாழும் இடம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன்பே தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் சந்ததியார் இங்கே திரளாய் இருக்கிறார்கள். தொண்ணூறு அடி சாலையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் காணலாம். சந்துகளுக்குள் திரும்பினால், இரும்பு ஏணியின் உச்சியில் தையல் இயந்திரங்களின் ஓசை கேட்கும். சட்டைகள் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளை இங்கே 'சிந்தி' என்பார்கள். அவை சாக்குகளில் அடைக்கப்பட்டு எடைக்கு விற்கப்படுகின்றன. பெருங்கடைக்கு ஆகாதென்று தள்ளப்பட்ட துண்டு, ஒரு ஏழை வீட்டின் பண்டிகை அலங்காரமாய் மாறுவது இங்கேதான்.

இடிபடும் வீட்டுக்கு அலங்காரமா?

தாராவியை இடித்து மறுபடியும் கட்டும் திட்டத்தைப்பற்றியே இந்நாட்களில் எல்லாரும் பேசுகிறார்கள். எங்கே குடியமர்த்தப்படுவோம், வீடு கிடைக்குமா என்ற கலக்கம் விசுவாசிகளின் குடும்பங்களிலும் உண்டு. "நாளை இடிக்கப்போகிற வீட்டுக்கு இவ்வருஷம் அலங்காரம் எதற்கு, பாஸ்டர்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இது லேசான கேள்வியல்ல.

பாபிலோனுக்குச் சிறையாய்க் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா ஒரு நிருபம் அனுப்பினான் (எரேமியா 29). வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பதே அதன் சாரம். அந்த இடம் அவர்களுக்கு நிரந்தரமல்ல என்று தேவன் அறிந்திருந்தார். எழுபது வருஷம் என்று கணக்கும் சொல்லியிருந்தார். என்றாலும், இருக்கிற நாள்மட்டும் அதை வீடாகவே நடத்தும்படி சொன்னார். பத்துக்குப் பத்து அறையானாலும், வாடகை அறையானாலும், கர்த்தர் நம்மை வைத்திருக்கிற நாள்வரை அது வீடே.

அதே சமயத்தில், அலங்காரத்துக்காகக் கடன் வாங்குவது வேறு காரியம். டிசம்பரில் வட்டிக்கு வாங்கித் திரைச்சீலையும் விரிப்பும் எடுத்துவிட்டு, ஜூன்வரைக்கும் தவணை கட்டித் தவிக்கும் குடும்பங்களை ஊழியக்காரர் யாவரும் அறிவார்கள். பண்டிகையின் சந்தோஷம் ஒரு வாரம். கடனின் பாரம் அரை வருஷம்.

தைக்கும் முறை

16 அங்குலச் சதுரத் திண்டு ஒன்றுக்கு உறை தைக்கும் விதத்தைச் சொல்லுகிறேன். முன்பக்கத்துக்கு 17 அங்குலச் சதுரத் துண்டு ஒன்று வேண்டும். பின்பக்கத்துக்கு 17-க்கு 12 அங்குலத்தில் இரண்டு துண்டுகள். 44 அங்குல அகலமுள்ள துணி ஒரு மீட்டர் வாங்கினால் இரண்டு உறைகள் தைத்துவிடலாம். பெரிய துண்டு கிடைக்காவிட்டால், 9 அங்குலச் சதுரங்கள் நான்கை அரை அங்குலத் தையலிட்டு இணையுங்கள். சரியாக 17 அங்குலம் வரும்.

பின்பக்கத் துண்டு ஒவ்வொன்றிலும் 17 அங்குல ஓரம் ஒன்றை அரை அங்குலமாய் இருமுறை மடித்து அடியுங்கள். முன்துண்டின் நல்ல பக்கம் மேலே இருக்கட்டும். அதன்மேல் பின்துண்டுகளைக் கவிழ்த்து, மடித்த ஓரங்கள் நடுவில் 5 அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று வரும்படி வையுங்கள். நான்கு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தைத்து, மூலைகளைத் தையல் அறாமல் நறுக்கி, உள்வெளியாய்த் திருப்புங்கள். ஜிப்பும் பொத்தானும் தேவையில்லை.

பருத்தித் துணியை வெட்டுமுன் ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள், பின்னால் சுருங்காது. சிவப்புத் துணியின் மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் தனியே துவைக்கவேண்டும். முன்பக்கம் சிவப்போ பச்சையோ வைத்து மஞ்சள் நட்சத்திரம் ஒன்றை ஒட்டித் தையுங்கள். பின்பக்கத்துக்குப் பழைய பருத்திச் சேலை போதும். பண்டிகை முடிந்தபின் திருப்பிப் போட்டால் வருஷமெல்லாம் உதவும்.

திண்டு இல்லையே என்று கவலைப்படவேண்டாம். இரவில் போர்த்தும் போர்வைகளைப் பகலில் மடித்து உறைக்குள் திணித்தால் அதுவே திண்டு. ஒற்றை அறை வீட்டில் படுக்கையும் மறையும். தரையில் உட்காரும் விருந்தாளிக்குச் சாய்மானமும் ஆகும்.

ஒன்றும் வீணாகாதபடி

ஐயாயிரம் பேரைப் போஷித்த கர்த்தர், மிஞ்சிய துணிக்கைகளையும் சேர்த்துவைக்கும்படி சீஷருக்குச் சொன்னார் (யோவான் 6:12). அப்பங்களைப் பெருகப்பண்ண வல்லவருக்கு மிச்சத்தைக்குறித்து என்ன கவலை? ஒன்றும் சேதமாகக்கூடாது என்பதே அவருடைய சித்தம். துணியின் மிச்சத்தைச் சேர்க்கிற கரங்கள் இந்தப் பாடத்தைத் தினமும் கற்கின்றன. வேறொரு ஊரின் விளிம்பில் வெட்டித் தள்ளப்பட்டவர்களாய்த் தங்களை எண்ணுகிற நம் குடும்பங்களுக்கும் இது ஆறுதலான சத்தியம்.

கிறிஸ்து பிறப்பின் நாளை விசேஷித்துக் கொண்டாடாத சபைகளும் நம்மில் உண்டு. அவர்களும் புதுவருஷ ஆராதனைக்கு வருகிற விருந்தாளிகளுக்காக இதைத் தைக்கலாம். யோப்பா பட்டணத்துத் தொற்காள் தைத்த வஸ்திரங்களை, அவள் மரித்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவுக்குக் காண்பித்தார்கள். அவள் தன் வீட்டுக்காகமாத்திரம் தைத்திருந்தால் அந்தக் கண்ணீர் இருந்திருக்காது. ஆகையால் சகோதரிகளே, இரண்டு உறை தைத்தால் மூன்றாவதையும் தையுங்கள். இவ்வருஷம் ஊருக்குப் போக வழியில்லாத ஒரு விதவையின் அறைக்கு, அல்லது நான்கு பேராய்த் தங்கியிருக்கும் வாலிபரின் அறைக்கு, அதைக் கொண்டுபோய்க் கொடுத்து ஜெபித்து வாருங்கள்.

கர்த்தர்தாமே உங்கள் வாசஸ்தலங்களைச் சமாதானத்தால் நிரப்புவாராக. ஆமென்.