ரிப்பீட்டர் வாங்க முன்னர்



"சேர், சூம் வகுப்பில சத்தம் விட்டு விட்டு வருது, ரிப்பீட்டர் ஒண்டு வாங்கவா?" என்று இந்த மாதம் பல பெற்றோர் எங்களிடம் கேட்டுவிட்டார்கள். ஓ/எல் நெருங்குகிறது, கவலை நியாயமானது. ஆனால் கடைக்குப் போக முன்னர், காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது.

பெல்மதுளைப் பக்கம் அநேக வீடுகளில் இருப்பது சிம் போட்ட 4ஜி ரவுட்டர். அதில் இரண்டு சிக்னல் உண்டு. டவரிலிருந்து ரவுட்டருக்கு வருவது ஒன்று, ரவுட்டரிலிருந்து போனுக்கு வருவது இன்னொன்று. போனில் தெரியும் வைஃபை கோடுகள் இரண்டாவதை மட்டும்தான் காட்டும். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். அங்கேயும் இழுபட்டால் குறை டவர் பக்கம். ரிப்பீட்டரால் ஒரு பிரயோசனமும் இல்லை. இரவில் மட்டும் இழுபட்டால் பெரும்பாலும் டவரில் நெரிசல்.

எங்கள் ஊர் மலைகளுக்கு நடுவில். ஒரே வீட்டில் முன் ஜன்னலுக்கும் குசினி ஜன்னலுக்கும் மலையளவு வித்தியாசம் இருக்கும். லயங்களில் தகரக் கூரை சிக்னலைத் தடுக்கும், கதவாலும் ஜன்னலாலும்தான் அது உள்ளே வரும். ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்றொரு எண் இருக்கும். -110ஐ விட -90 நல்லது. ஒவ்வொரு ஜன்னலாக வைத்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் டீவிக்குப் பின்னால் இருந்ததை மாடி ஜன்னலுக்குக் கொண்டுபோனோம், அவ்வளவுதான்.

2021இல் போஹிட்டியாவ கிராமத்து ஆசிரியையும் பிள்ளைகளும் ஒன்லைன் பாடத்துக்காகக் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறிய செய்தி நினைவிருக்கும். அவர்கள் தேடியதும் இந்த முதல் சிக்னலைத்தான்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் நன்றாக இருந்து, அறையில் மட்டும் விழுந்தால் வைஃபை பிரச்சினை. இரும்பு அலுமாரி, கண்ணாடி, மீன் தொட்டி எல்லாம் அதை மறைக்கும். வைஃபை பெயரோடு '5ஜி' என்று வருவது டவரின் 5ஜி அல்ல, 5 கிகாஹேர்ட்ஸ். வேகம் கூட, ஆனால் சுவர் தாண்டுவது குறைவு. தூரத்து அறைக்கு 2.4 போதும். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் ரிப்பீட்டர் வாங்குங்கள். சிக்னல் இல்லாத அறையில் அல்ல, பாதி வழியில் வையுங்கள்.

செட்டிங் பக்கம் திறக்கத் தெரியாவிட்டால் சனிக்கிழமை பின்னேரம் சொல்லுங்கள், வருகிறோம். ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டைப் படமெடுத்துக் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.