அத்தை அனுப்பிய குழம்புப் பொடி அளவு

ஈரோட்டில் கணவர், கல்லூரிக்குப் போகும் மகன் என்று மூன்று பேர் உள்ள வீடு அது. பங்குனி வெயிலுக்கு மொட்டை மாடியில் மிளகாயைக் காயப் போட்டுவிட்டு இறங்கும்போது, அந்த வீட்டு அம்மாவின் கையிலிருந்த போன் நழுவிப் படியில் குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை. திரையின் கீழ்ப்பாதி மை கொட்டியதுபோல் கறுப்பு. மேல்பாதியில் மணி தெரிகிறது. தொட்டால் எதுவும் அசையவில்லை.

“விடும்மா, பழைய போன்தானே. புதுசுல சிம்மைப் போட்டா எல்லாம் வந்துரும்” என்றான் மகன்.

புது போன் வந்தது. சிம்மைப் போட்டு ஓடிபி கொடுத்ததும், பழைய பேக்கப்பிலிருந்து வாட்ஸ்அப் உரையாடல்கள் வரிசையாக இறங்கின. வீடே நிம்மதி ஆனது. மிளகாய் காய்ந்து, பொடி அரைக்க சாமான் எடுத்து வைத்த அன்றுதான் அவர் மெசேஜ் பகுதியைத் திறந்தார். சிம் கம்பெனி அனுப்பிய விளம்பரம் இரண்டைத் தவிர ஒன்றுமில்லை.

“அத்தையோட மெசேஜெல்லாம் எங்கடா?”

கோபிப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த மாமியார் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கடைசி வரை பட்டன் போன்தான். காது மந்தமான பிறகு பேசுவது குறைந்து, ஒரே பட்டனைப் பலமுறை அழுத்தி, தமிழிலேயே மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொண்டார். ஆங்கில எழுத்தென்றால் ஒரு குறுஞ்செய்தியில் 160 இடம். தமிழுக்கு 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். ‘மிளகாய்’ என்ற நான்கெழுத்துச் சொல்லுக்கே 7 இடம் போய்விடும். அதனால் பொடி அளவு முழுவதையும் துண்டு துண்டாகத்தான் அனுப்பியிருந்தார். வருடா வருடம் அதைப் பார்த்தே அரைத்ததால், தனியாக எங்கும் எழுதி வைக்கவில்லை. அத்தையின் பட்டன் போனோ, உள்ளிருந்ததையெல்லாம் அழித்துவிட்டுத் தோட்டத்து ஆளுக்குக் கொடுத்தாயிற்று.

பழைய பட்டன் போன்களில் சில பத்துக் குறுஞ்செய்திகள் சிம்மிலேயே இருக்கும். இன்றைய போன்களில் அவை போனின் நினைவகத்தில்தான் தங்குகின்றன. சிம்மை மாற்றினால் நம்பர் வரும், செய்தி வராது. ஆண்ட்ராய்டில் பேக்கப் ஆன் செய்திருந்தால் கூகுள் கணக்கில் ஒரு நகல் இருக்கும். புது போனை முதன்முதலில் அமைக்கும்போது அதை மீட்டுக்கொள்ளலாம். ஆனால், கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, போட்டோவும் கல்யாண வீடியோவுமாக அந்த வீட்டில் எப்போதோ நிரம்பியிருந்தது. போனின் பேக்கப் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை.

மகன் லேப்டாப்பில் போனைச் சொருகிப் பார்த்தான். சார்ஜ் மட்டும் ஏறியது. பூட்டைத் திறக்காமல் போன் எதையும் காட்டாது. இணையத்தில் பார்த்து இறக்கிய ‘ரெக்கவரி’ சாஃப்ட்வேரும், “போனில் அனுமதி கொடுங்கள்” என்று கேட்டு நின்றது. அனுமதி கொடுக்க வேண்டிய திரைதான் உடைந்து கிடக்கிறதே!

மாலையில் கடைக்குப் போனார்கள். முதல் கடைக்காரர் வாங்கிப் பார்த்த வேகத்தில், “டிஸ்ப்ளே மாத்தி, சாஃப்ட்வேர் அடிச்சுத் தர்றேன்” என்றார்.

“சாஃப்ட்வேர் அடிச்சா மெசேஜ் இருக்குமா தம்பி?”

“எல்லாம் போயிரும்க்கா. புதுசு மாதிரி ஆயிரும்.”

அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், அத்தை எழுதிய அத்தனையும் அன்றே அழிந்திருக்கும்.

இரண்டாவது கடையில் இருந்த பையன் முதலில் அலாரம் அடிக்கிறதா, வைப்ரேஷன் வருகிறதா என்று விசாரித்தான். “தினமும் அஞ்சரைக்கு அடிக்குது” என்றார் கணவர். “அப்ப போர்டு நல்லாருக்குங்க. கண்ணாடி மட்டும்தான் போயிருக்கு” என்றான்.

ஓடிஜி என்கிற சின்ன இணைப்பானை மாட்டி, அதில் கம்ப்யூட்டர் மவுஸைச் சொருகினான். திரையில் அம்புக்குறி தோன்றியது! படம் முழுதாகத் தெரிந்து டச் மட்டும் போயிருந்தால் இதுவே போதும். மவுஸை வைத்தே பேட்டர்ன் போட்டுவிடலாம். இங்கே புள்ளிகள் வரவேண்டிய இடம் கறுப்புக்குள் இருந்தது. போன் திரையை டிவியில் காட்டும் வசதி சில மாடல்களில் உண்டு. இந்த மாடலில் அது இல்லை.

“காம்போ ஒண்ணு மாட்டிக் காட்டறேன். ஒட்ட மாட்டேன். வேண்டியதை எடுத்துக்குங்க, அப்புறமா போட்டுக்கறதா வேண்டாமான்னு சொல்லுங்க” என்றான். கண்ணாடி, டச், டிஸ்ப்ளே மூன்றும் சேர்ந்ததுதான் காம்போ. செய்தி எதுவும் அதில் இருப்பதில்லை.

பேட்டரி இணைப்பைக் கழற்றி, புதுத் திரையை மாட்டியதும் போன் முதலிலிருந்து உயிர் பெற்றது. அணைந்து எழுந்த போன் கைரேகையை ஏற்காது. பின் நம்பரோ பேட்டர்னோதான் கேட்கும். அவருக்கோ எப்போதும் கைரேகைதான் பழக்கம். “பேட்டர்ன் சொல்லுங்கக்கா” என்றால் வாயால் சொல்லத் தெரியவில்லை. போனைக் கையில் வாங்கிக் கண்ணை மூடி விரலை இழுத்தார். முதல் முறை தவறு. இரண்டாவது முறை திறந்தது.

இருநூறுக்கு மேல் செய்திகள். பொடி அளவு ஐந்து துண்டுகளாக இருந்தது. மிளகாய் அரைக் கிலோ, மல்லி முக்கால் கிலோ, விரலி மஞ்சள் 50 கிராம் என்று போய், கடைசித் துண்டில்: ‘வெந்தயம் 25 போதும் அம்மிணி. போன தடவை நீ போட்டது கசந்தது.’

அந்தக் கடைசி வரி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று கோபத்தில் பதில்கூடப் போடவில்லை. மூன்று வாரம் தள்ளி அத்தை அனுப்பியதுதான் மறந்து போயிருந்தது: ‘இந்தப் பொடி நல்லா இருக்கு. ஊருக்கு வரும்போது இன்னொரு டப்பா கொண்டா.’ கடை ஸ்டூலில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தார்.

பையன் தன் வேலையைப் பார்க்க, மகன் ஒவ்வொரு செய்தியையும் புது போனில் படம் எடுத்தான். திறந்த போனைக் கடையில் விட்டுவிட்டு மூவரும் நகரவில்லை. அதுவும் சரிதான். வங்கி ஓடிபியும் வீட்டுப் படங்களும் இருக்கும் போனைத் திறந்தபடியோ, பேட்டர்னைச் சீட்டில் எழுதிக் கொடுத்தோ விட்டு வரக்கூடாது.

திரை உடைந்தால் போனுக்குள் இருப்பது அழிவதில்லை. அதற்குள் போகும் வழிதான் அடைபடுகிறது. உள்ளே இருப்பதை நிஜமாக அழிப்பது ரீசெட், அல்லது அவசரத்தில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவது. ஆகவே, போனைக் கொடுக்கும் முன் உள்ளே என்ன வேண்டும் என்று வீட்டில் எல்லோரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. யாருக்கு எது பொக்கிஷம் என்று மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

அன்றிரவு பேக்கப் ஆன் ஆனது. பழைய வீடியோக்கள் பென்டிரைவுக்குப் போயின. அவர் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி அளவை எழுதினார். ‘போன தடவை கசந்தது’ என்பதையும் விடவில்லை. அதன் கீழே ‘இந்தப் பொடி நல்லா இருக்கு’ என்பதையும் எழுதி, ஓரத்தில் ‘அத்தை’ என்று குறித்து வைத்தார்.